இடப்பக்கம் திரும்பாத வண்டி

ஜூலை 6, ஞாயிறு

இன்று ட்ராக் டே. சொந்த வண்டியைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய், போலீஸ் தொல்லையும் ஆட்டோ தொல்லையும் இல்லாமல் வேகமாக ஓட்டிப் பார்க்கிற நாள். கோயம்புத்தூரில் பாதிப் பேருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளவே வருகிறவர்கள் பாதிக்கு மேல். ஒரு நகைக்கடைக்காரர் ஜெர்மன் காரில் வந்தார். இரண்டு சுற்றிலேயே பிரேக் புகைந்துவிட்டது. நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

என் வண்டி அப்படிப்பட்டதல்ல. மொத்தமே அறுநூறு கிலோ. கூரை இல்லை, கதவு இல்லை, இரண்டே இருக்கை. உள்ளூர்ப் பட்டறையில் நானே கூட நின்று கட்ட வைத்தது. இந்தத் தடத்தில் என் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்.

ஒரே ஒரு கோளாறு, அண்டர்ஸ்டியர். ஸ்டியரிங்கை ஒடித்தாலும் முன் டயர்கள் பிடியை விட்டுவிட்டு, வண்டியின் மூக்கு திரும்பாமல் நேராகப் போவது. வலது வளைவுகளில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்கிறது. இடது வளைவு வந்தால் மட்டும் புல்தரையைப் பார்த்து இழுக்கிறது. அதிலும் மூன்றாவது வளைவு மகா மோசம். மூன்று தடவை புல்லுக்குள் போய் வந்தேன்.

மச்சினன் நந்தகோபாலும் வந்திருந்தான். பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். கியர் மாற்றத் தெரியாதவர்களுக்கென்றே செய்த பெரிய வண்டி ஒன்றில் வருவான். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுங்களா மாமா?" என்றான். போய்த் தொலை என்று கொடுத்தேன். பாவி, என்னைவிட ஒன்றரை விநாடி குறைவாக ஓட்டிவிட்டு வந்தான். வந்தவன் சொல்கிறான்: "வண்டி நல்லாத்தான் திரும்புதுங்க மாமா. எனக்கு ஒண்ணும் தெரியலீங்க."

தெரியாதுதான். சீனி டப்பாவுக்கும் உப்பு டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாதவன் அவன்.

கோபத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தீபாவளிக்குள் இதே வண்டியில் உன் நேரத்தை அடித்துக் காட்டுகிறேன் என்றேன். எப்போதும் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருக்கிறவன், டக்கென்று, "அடிக்கலீன்னா சாவிய என்கிட்டக் குடுத்தரோணுங்க. அப்பறம் நீங்க தடத்துப்பக்கமே வரக் கூடாதுங்க" என்றான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்றேன். வசந்தாமணி தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டே, "தம்பி சொன்னது சொன்னதுதானுங்களே?" என்று கேட்டு உறுதி வேறு செய்துகொண்டாள். கட்டிய மனைவி யார் பக்கம் என்று பாருங்கள்.

ஜூலை 7, திங்கள்

வீட்டு கேட்டில் உரசி இன்னோவாவின் இடது கண்ணாடி உடைந்தது. கேட் வைத்த கொத்தனார் கணக்கில் புலி. இருபது வருடமாக இதன் வழியாகப் போய்வருகிறேன், இவ்வளவு குறுகலாக வைத்திருக்கிறான் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 12, சனி

ஜெரோம் பட்டறைக்குப் போனேன். பந்தய வண்டிகளுக்கு செட்டிங் செய்து கொடுக்கிறவன். மடிக்கணினி இல்லாமல் ஸ்பானரைத் தொடமாட்டான். என்ன சொன்னாலும் "கரெக்டுங்க சார்" என்பான். முன் டயரில் காற்றைக் குறைக்கலாமா என்றேன், கரெக்டுங்க சார். கூட்டலாமா என்றேன், அதுவும் கரெக்டுங்க சார்.

கடைசியில் நானே முடிவு செய்தேன். முன் டயர்களில் காற்றைக் கொஞ்சம் குறைத்தோம். முன் சக்கரங்களின் மேல்பக்கத்தை உட்புறமாக இன்னும் கொஞ்சம் சாய்த்தோம். கேம்பர் என்பார்கள். வளைவில் வண்டி சாயும்போது டயர் முழுசாகத் தரையில் உட்காரும். மூக்கு திரும்பும். இது பாடம். பாடத்தை மீறி எந்த வண்டியும் நடக்காது.

ஜூலை 27, ஞாயிறு

நடந்தது. வலது வளைவுகளில் கத்தி மாதிரி திரும்புகிறது. இடது வளைவில் பழைய குருடி கதவைத் திறடி என்று அதே கதை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டயர்களைக் கழற்றிப் பார்த்தோம். இந்தத் தடத்தில் வலது வளைவுகள்தான் அதிகம். அப்படியானால் வெளிப்பக்கம் சுமை தாங்குகிற இடது முன் டயர்தான் முதலில் தேய வேண்டும். என் வண்டியில் வலது முன் டயரின் ஓரம் ரம்பம் போட்ட மாதிரி தேய்ந்திருக்கிறது. இடது வளைவுகளில் ஸ்டியரிங்கைத் தாமதமாகவும் அளவுக்கு மேலும் ஒடித்தால் இப்படித்தான் தேயும் என்று ஜெரோமின் மடிக்கணினி சொல்கிறதாம். தாமதமாக ஒடிப்பது யார்? வண்டியில் நான் ஒருத்தன்தானே இருக்கிறேன் என்றேன். "கரெக்டுங்க சார்" என்றான்.

அந்த டயர் லாட்டே மட்டம். வேறு கம்பெனி டயருக்குச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சொந்தத்தில் ஒரு கல்யாணம். பொள்ளாச்சி ரோட்டில் அரண்மனை மாதிரி ஒரு மண்டபம், உள்ளே மூச்சு விட இடமில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் ஒரு ட்ரோன் பறக்கவிட்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணைவிட எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

முதல் வரிசையில் என் இடப்பக்கம் பழனிசாமி மாமா உட்கார்ந்திருந்தாராம். நான் வணக்கம் வைக்கவில்லையாம். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் அங்கே இருந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது. மனிதர் ஒரு கனைப்புக் கனைத்திருக்கலாமே.

பந்தியில் அதைவிடக் கேவலம். சாதம் போட்டார்கள், பொரியல் வைத்தார்கள். உப்பும் ஊறுகாயும் லட்டும் வைக்கவே இல்லை. ஒரு இலைக்கு இவ்வளவு கொடுத்துச் சமையல்காரனைப் பிடிக்கிறார்கள், உப்பு வைக்கத் துப்பில்லை. "என்னப்பா, உப்பு வெக்கலையா?" என்று சத்தம் போட்டேன். பரிமாறுகிறவன் முழித்தான். வசந்தாமணி என் இலையைப் பிடித்துச் சற்றே வலப்பக்கம் நகர்த்தினாள். இலையின் இடது ஓரத்தில் உப்பு, ஊறுகாய், லட்டு, எல்லாம் இருந்தன. ஓரத்திலும் ஓரத்தில் வைத்தால் யாருக்குத் தெரியும்? வீட்டில் இந்தப் பிரச்சினையே கிடையாது. கை போகிற இடத்தில் உப்பு இருக்கும்.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "உங்கொப்பன் மாதிரியே தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறயே சாமி" என்றாள். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் போய்விட்டது. அது சர்க்கரை வியாதி. எனக்குச் சர்க்கரை கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன்.

வரும்போது காரில் வசந்தாமணி, "கண்ணாஸ்பத்திரிக்கு ஒருக்கா போய்ட்டு வந்தரலாமுங்களா?" என்றாள். நான் ஊசியில் நூல் கோக்கிறேன், பேப்பரில் பொடி எழுத்துப் படிக்கிறேன். வாயை மூடிக்கொண்டு வா என்றேன். மூடிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 3, புதன்

அவள் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரில் ஏறினால் இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு நேர்முக வர்ணனை. "லெஃப்ட்ல பைக்குங்க." "ஒரு பாட்டி கடக்கறாங்க, பாத்துங்க." "மாடுங்க." முன்பெல்லாம் அவிநாசி ரோட்டில் ஏறியதும் தூங்கிவிடுவாள். ஒரு வருடமாகத் தூங்குவதே இல்லை. வயதாக ஆகப் பெண்களுக்குப் பயம் அதிகமாகிவிடுகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

புது டயர். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற பின்பக்கக் குறுக்குக் கம்பியையும் இறுக்கியாகிவிட்டது. பின்னால் இறுக்கினால் முன்னால் பிடி கூடும், இதுவும் பாடம். வலது வளைவுகளில் இப்போது பின்பக்கம் ஆடுகிறது. இடது வளைவில் ஒரு முன்னேற்றமும் இல்லை. நந்தகோபாலின் நேரத்தைவிட இன்னும் ஒரு விநாடி அதிகம்.

அவன் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜெயித்தாகிவிட்டது. கிட்டத்தட்ட.

இன்று பயிற்சி நாள். கூட ஒருவரை உட்கார வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. வசந்தாமணி தானாக வந்து, "நானும் ஒரு ரவுண்டு வாரனுங்க" என்றாள். முப்பது வருடத்தில் இந்த வண்டிகளை எட்டிக்கூடப் பார்க்காதவள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, புடவையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, பொம்மை மாதிரி உட்கார்ந்தாள். பயந்து கத்தட்டும், அப்புறம் தொந்தரவு இருக்காது என்று ஏற்றிக்கொண்டேன்.

கத்தவில்லை. இரண்டாவது சுற்றிலிருந்து, ஒவ்வொரு இடது வளைவிலும் என் முழங்கையைத் தட்டி, "இப்ப" என்றாள். எரிச்சலாக இருந்தது. வாதாட நேரமில்லாமல் அவள் தட்டும்போதே திருப்பித் தொலைத்தேன். வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி திரும்பியது. மூன்றாவது வளைவில் உள்பக்கக் கோட்டை உரசிக்கொண்டு வெளியே வந்தேன். புல் பக்கமே போகவில்லை. இரண்டு பேர் எடையோடு நந்தகோபாலின் நேரத்துக்கு அரை விநாடி குறைவு. நான் சிரித்துவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் அவள் அழுத மாதிரி தெரிந்தது. வெயில் என்றாள்.

பயிற்சி நாள் நேரம் செல்லாதாம். பரவாயில்லை. பன்னிரண்டாம் தேதி பந்தய நாள், அன்று ஓட்டினால் போச்சு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்தோம். தெருவில் உடைத்த காயைப் பெருக்கி ஓரம் தள்ளுகிறவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.

கண்டுபிடித்துவிட்டேன். இத்தனை நாள் இதுதானா என்று நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நம்மூர் வண்டியில் ஓட்டுகிறவன் வலப்பக்கம். நான் எழுபத்தெட்டுக் கிலோ. வண்டியோ அறுநூறு. இடது வளைவில் சுமையெல்லாம் ஏற்கெனவே கனமாக இருக்கிற வலப்பக்கம் சாய்கிறது. வலது முன் டயர் தாங்காமல் பிடியை விடுகிறது. வசந்தாமணி இடப்பக்கம் உட்கார்ந்ததும் எடை சமமாகிவிட்டது. அவ்வளவுதான் ரகசியம்.

வார்த்தைக்கு வார்த்தை விளக்கினேன். ஜெரோம், "கரெக்டுங்க சார்" என்றான். இந்த ஒரு தடவை நிஜமாகவே கரெக்ட்.

பந்தய நாளில் இன்னொரு ஆள் ஏறக் கூடாது. ஆள் வேண்டாம், எடை போதும். அவள் ஐம்பது கிலோ. பொன்னி அரிசி இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு. அவள் சீட்டில் வைத்து அவள் பெல்ட்டையே போட்டுக் கட்டிவிட்டால் முடிந்தது. அரிசி வாயும் பேசாது, முழங்கையையும் தட்டாது.

வசந்தாமணியிடம் சொன்னேன்.  "எடையினாலதான் திரும்புச்சுன்னு நெனைக்கறீங்களா?" என்றாள். வேறு எதனால் என்றேன். "வேண்டாமுங்க. சாவிய நந்துகிட்டக் குடுத்தரலாமுங்க" என்றாள். தம்பிக்கு வண்டி கிடைக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஓட்டினேன்.

பூஜைக்கு வைத்த அரிசியா, கல்யாண ஊர்வலமா என்று ஆளாளுக்குக் கேலி. கண்டுகொள்ளவில்லை. முதல் சுற்று டயர் சூடேற்ற. இரண்டாவது சுற்றில் மூன்றாவது வளைவுக்கு முழு வேகத்தில் போனேன். திருப்பினேன். திரும்பவில்லை. இன்னும் ஒடித்தேன். மூக்கு நேராகவே போனது.

நேரே ஒரு சிவப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. முந்தின சுற்றில் சுழன்று தடத்து ஓரத்தில் நின்றுவிட்டதாம். அதன் பின்னால் இரண்டு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். நல்ல வயதுப் பையன். அவன் வாயைத் திறந்தது தெரிந்தது. நான் எதிர்ப்பக்கம் வெட்டி, புல்லில் இறங்கி, டயர்ச் சுவரில் பக்கவாட்டாக மோதி நின்றேன். மூட்டை இரண்டும் கிழிந்து அரிசி என் மடியெல்லாம், தடமெல்லாம் கொட்டியது.

கொடி மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "வளைவுக்கு முன்னாடியே ரெண்டு பேர் மஞ்சக்கொடி ஆட்டிட்டு இருந்தாங்களே, பாக்கலீங்களா?" என்று கேட்டார். எந்தப் பக்கம் என்றேன். இடப்பக்கம் என்றார். அங்கே யாரும் இல்லை என்று சொன்னேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். முழுக்கத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர், முன்னால் ஆபத்து என்று காட்டுகிற மஞ்சள் கொடி, ஆள் உயரத்துக்கு. அவ்வளவு பெரிய கொடி.

தடத்தை மூடிவிட்டு எல்லோரும் விளக்குமாற்றால் அரிசி கூட்டினார்கள். நந்தகோபாலும் கூட்டினான். நான் உட்கார்ந்திருந்தேன்.  அந்தப் பையன் வந்து, "ஒண்ணும் ஆகலீங்களே சார்?" என்று என்னைக் கேட்டான்.

அக்டோபர் 13, திங்கள்

ஷூவுக்குள் இன்னும் அரிசி இருக்கிறது.  நாளை மறுநாள் கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வசந்தாமணியிடம் நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 15, புதன்

கண் ஆஸ்பத்திரி. ஏதோ கோயில் மாதிரி டோக்கன், வரிசை, செருப்பு வைக்க ஓர் இடம். கண்ணில் சொட்டு விட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பார்க்கவே முடியாதவனிடம் ஒரு ஃபாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். என்ன நிர்வாகமோ.

அப்புறம் ஓர் இருட்டு அறை. ஒரு பெண் ஒரு கண்ணை மறைத்துவிட்டு, குடம் மாதிரி ஒரு வெள்ளைப் பாத்திரத்துக்குள் தலையை வைக்கச் சொன்னாள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே விளக்குப் பொட்டுகள் மின்னும், மின்னும்போது கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். முதலில் வலது கண். வலப்பக்கமெல்லாம் மின்னியது. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, பாதி விளக்கு ஃபியூஸ் ஆகிக் கிடக்கிறது, கவனிக்க ஆளில்லை. அப்புறம் இடது கண். மிஷினைப் போடவே மறந்துவிட்டாள். ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டு, "ஏம்மா, ஆரம்பிக்கலையா?" என்றேன்.

அந்தப் பெண் என் கையிலிருந்த பொத்தானை வாங்கி வைத்தாள். பிறகு மெதுவாக, "முடிஞ்சிருச்சுங்கய்யா" என்றாள்.

டாக்டர் படத்தைக் காட்டினார். கண் நீர் அழுத்த நோய், க்ளாக்கோமா. வலி இருக்காது, சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். இடது கண் பெரும்பாலும் போய்விட்டது. வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பாதி, அதாவது இடப்பக்கம், போய்விட்டது. "பொடி எழுத்துப் படிப்பீங்க, ஊசி கோப்பீங்க. நடுப்பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கும். அதனாலதான் யாருக்கும் தெரியறதில்லை" என்றார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றார். அப்பாவுக்கு என்றேன்.  நாற்பது வருடமாக அந்த மனிதரைச் சர்க்கரையைக் கவனிக்காமல் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது. எந்த வண்டியும். "நடக்கும்போதும் சாப்பிடும்போதும் தலையை இடப்பக்கம் நல்லாத் திருப்பிப் பாத்துப் பழகுங்க" என்றார்.

கேம்பர், டயர், கம்பி, அரிசி. முட்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்னோவாவை ஓட்ட ஆள் வைத்தாகிவிட்டது. கேட்டில் இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்கு மேல் இடம் விட்டுப் போகிறான். கொத்தனார் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தெரு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் பத்தாயிரம் வாலா ஒன்றை வெடித்து ஊரையே செவிடாக்கினார். கொண்டாட்டம் என்றால் அடுத்தவன் காது கிழிய வேண்டும் என்பது இவர்கள் நினைப்பு.

நந்தகோபால் புதுச் சட்டையில் வந்தான். சாவியை எடுத்து அவன் கையில் வைத்தேன். வாங்காமல் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தால் அவன்தான் தோற்றவன் மாதிரி இருந்தது.

"மாமா, அன்னிக்கு பெட்டுக் கட்டச் சொன்னதே அக்காதானுங்க" என்றான். "ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறாரு, வண்டியையாவது வாங்கிரு நந்துன்னு அழுதாங்க. எனக்கு வேற வழி தெரியலீங்க."

நான் அவனை உட்காரச் சொன்னேன். வண்டியைத் துணி போட்டு மூடி வைக்கப் போகிறானாம். அப்படியெல்லாம் வைத்தால் துருப்பிடிக்கும், ஓட்டு என்றேன். பின்பக்கக் கம்பியைத் தளர்த்து, தேவையில்லாமல் இறுக்கி வைத்திருக்கிறேன் என்றேன். மூன்றாவது வளைவில் எங்கே திருப்ப வேண்டும் என்று உன் அக்காவைக் கேள், அவளுக்குத்தான் தெரியும் என்றேன். அவன் தலையாட்டினான். பெயிண்ட் கடைக்காரன்தான். ஆனாலும் நன்றாகத்தான் ஓட்டுகிறான், எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் இலை போட்டாள். எனக்கும் நந்தகோபாலுக்கும் பக்கம் பக்கமாக. டாக்டர் சொன்னபடி தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பி இலையைப் பார்த்தேன். இடது பாதி வெறும் பச்சையாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. உப்பு, ஊறுகாய், பொரியல், லட்டு எல்லாம் வலது பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. நந்தகோபாலின் இலையைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் வழக்கம்போல, உப்பு இடது ஓரத்தில்.

வசந்தாமணி சாதக் கரண்டியோடு நின்றாள்.

"எப்பத்திருந்து இப்படி வைக்கிறே?" என்று கேட்டேன்.

"போன தீபாவளிக்கு, லட்டு வெக்கலீன்னு சத்தம் போட்டீங்களே" என்றாள். "அன்னிக்கு ராத்திரியிலிருந்துங்க."

லட்டு வலப்பக்கம் இருந்தது. எடுத்துச் சாப்பிட்டேன்.